தேய்ந்த சாவிக்கு நகல் எடுக்காதீர்கள்: பழைய பைக்கின் சாவியையும் பூட்டையும் சரிசெய்வது எப்படி?

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் வழியில் ஒருநாள் என் பைக்கின் சாவி எங்கேயோ விழுந்துவிட்டது. வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் வந்து அணைக்கக் கையை நீட்டியபோதுதான் சாவித்துளை வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். நான்காம் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு, ஒருவழியாக எஞ்சினை நிறுத்தினேன். அப்பா வாங்கிய நூறு சி.சி. வண்டி அது, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் ஆறு மாதமாகவே சாவி முரண்டு பிடித்தது. லேசாக இழுத்து, கொஞ்சம் தூக்கி, ஒரு கோணத்தில் திருப்பினால்தான் சுழலும். அந்த வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று கொஞ்சம் பெருமை வேறு!

அன்று முதல் இன்றுவரை நான் கற்றதையெல்லாம் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஸ்பிளெண்டர், விக்டர், பாக்ஸர் காலத்துச் சாதாரணச் சாவி போடும் பைக்குகளுக்கு இது பொருந்தும். சிப் பொருத்திய கார் சாவிகளுக்குப் பொருந்தாது.

முதலில் பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

சாவி நுழையும் பகுதி ஓர் உருளை. அதற்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் சில வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு செவ்வகத் துளை, பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவி எல்லாத் துளைகளின் வழியாகவும் புகுந்து போகும். சாவியின் வெட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குத் தகடு ஏறும். எல்லாத் தகடுகளும் உருளைக்குள் சரியாக அடங்கினால்தான் அது சுழலும். ஒன்று கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். நெம்புகோல்களை நம்பி இயங்கும் திண்டுக்கல் பூட்டின் கம்பீரமெல்லாம் இதற்குக் கிடையாது. சிக்கனமான, எளிய ஏற்பாடு இது.

சாவியும் பெரும்பாலும் பித்தளை வகைதான். தினமும் பத்து முறை உள்ளே போய் வந்தால் மேடுகள் மழுங்கும். அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலே போதும், தகடு ஏறவேண்டிய அளவுக்கு ஏறாது. சாவி தேயும்போது தகடும் சேர்ந்தே தேய்கிறது. வெகுகாலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிபோல ஒன்றின் குறைக்கு மற்றொன்று பழகிவிடுகிறது. அதனால்தான் பழைய பூட்டில் பழைய சாவி ஏதோ ஒரு கோணத்தில் வேலை செய்கிறது.

எனக்கு ஏன் சாவி விழுந்தது என்பதும் இதில் விளங்கும். ‘ஆன்’ நிலையில் தகடுகள் வெளிக்கூட்டின் சுவரில் முட்டி நிற்பதால் நகர முடியாது. சாவியின் மேடு அவற்றைத் தாண்டி வெளியே வர முடியாமல் சிறைப்பட்டிருக்கும். இரண்டும் தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டால் சாவி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஓடும் வண்டியில் சாவியை உருவ முடிகிறது என்றால் அது வேடிக்கை இல்லை, எச்சரிக்கை.

படி 1: குற்றவாளி யார் என்று கண்டுபிடியுங்கள்

வண்டி வாங்கியபோது தந்த இரண்டாவது அசல் சாவியைத் தேடி எடுங்கள். பீரோ, அரிசிப் பானை, சாமி அலமாரி, எங்கே வைத்தார்களோ. இரண்டு சாவிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தினசரிச் சாவியின் மேடுகள் உள்வாங்கியிருந்தால் கண்ணுக்கே தெரியும்.

பிறகு இரண்டையும் வண்டியைக் கிளப்பும் இக்னிஷன் பூட்டில் மட்டுமல்ல, டேங்க் மூடியிலும் பக்கவாட்டுப் பெட்டியின் பூட்டிலும் போட்டுப் பாருங்கள். பழைய சாவி இக்னிஷனில் சுழன்று, பக்கவாட்டுப் பெட்டியில் சுழலவில்லை என்றால் தேய்ந்தது சாவி. பெட்டிப் பூட்டை யாரும் அதிகம் திறப்பதில்லை. அது இன்னும் இளமையாக இருக்கிறது, அதனால் மழுங்கிய சாவியை ஏற்க மறுக்கிறது. மாறாக, தேயாத இரண்டாவது சாவி மற்ற பூட்டுகளில் வெண்ணெய்போலச் சுழன்று இக்னிஷனில் மட்டும் முரண்டு பிடித்தால், கோளாறு இக்னிஷன் பூட்டில்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. சாவி நன்றாகவே சுழல்கிறது, ஆனால் ஹாரன் வருகிறது, போகிறது. பள்ளத்தில் இறங்கினால் இண்டிகேட்டர் அணைகிறது. இது பூட்டே இல்லை, பூட்டின் அடியில் இருக்கும் மின்தொடர்புத் தகடு. இதைப் படி 4-இல் பார்ப்போம்.

படி 2: செலவில்லாமல் முடியுமா என்று பாருங்கள்

பாதிப் பூட்டுகளுக்கு நோய் தேய்மானம் அல்ல, அழுக்கு. மழையும் புழுதியும் உள்ளே போய்ச் சேறாகி, ஸ்பிரிங்கைத் தகட்டோடு ஒட்டவைத்துவிடும். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய் என்பது வழக்கம். கதவுக் கீலுக்குச் சரி, சாவித்துளைக்கு வேண்டாம். இரண்டு நாள் வழுக்கும். மூன்றாம் நாளிலிருந்து புழுதியை எல்லாம் அழைத்து உட்காரவைத்துக்கொள்ளும். பழைய எஞ்சின் ஆயிலும் அப்படித்தான்.

சரியான முறை இது. வண்டியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயின் மெல்லிய குழாயைத் துளையில் வைத்து ஒரு விநாடி அடியுங்கள். அருகில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம். சாவியை நுழைத்து எடுங்கள், துணியில் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு ஒருநாள் காயவிடுங்கள். அவசரப்பட்டு இந்த ஒருநாளைத் தவிர்த்தால் அடுத்து போடும் கிராஃபைட் பசையாகிவிடும்.

கிராஃபைட் தூள் சாவிக்காரரிடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஓவியம் வரைவோர் வாங்கும் 6பி பென்சில் போதும். சாவியின் இரு பக்கமும் விளிம்பும் கறுப்பாகும்வரை தேய்த்து, இருபது முறை உள்ளே விட்டு எடுங்கள். பள்ளிக்கூடப் பென்சிலில் களிமண் அதிகம், ஆகவே மென்மையான பென்சிலே வாங்குங்கள். டேங்க் மூடியில் மட்டும் ஸ்பிரே அடிக்காதீர்கள். மூடியைத் தனியே கையில் எடுத்துவைத்துக்கொண்டு கிராஃபைட் மட்டும் போடுங்கள்.

படி 3: சாவி வெட்டுவது

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். பையில் இருக்கும் சாவியை நீட்டி, “ஒரு டூப்ளிகேட் போடுங்கள் அண்ணே” என்றேன். அவரும் போட்டுக் கொடுத்தார். நகல் எடுக்கும் இயந்திரத்தில் ஒரு முனை மூலச்சாவியின் மேடுபள்ளத்தைத் தடவிக்கொண்டே போகும். அதே அசைவில் மறுபக்கம் சக்கரம் புதுச் சாவியை வெட்டும். மூலம் மழுங்கியிருந்தால் நகலும் பிறக்கும்போதே மழுங்கித்தான் பிறக்கும். கூடவே இயந்திரத்தின் சிறு பிசகும் சேரும். அந்த நகலுக்கு இன்னொரு நகல் எடுத்தால் பிசகு கூடிக்கொண்டே போகும். புத்தம்புதுச் சாவி பழையதைவிட மோசமாக வேலை செய்ததன் ரகசியம் இதுதான். சாவிக்காரரைத் திட்டிவிட்டு வந்தேன். அவர் மேல் தவறில்லை.

ஆகவே உங்களிடம் இருப்பதிலேயே மிகக் குறைவாகத் தேய்ந்த சாவியைக் கொடுங்கள். அதைத் தாய்ச்சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு நகல் எடுத்து, நகலில்தான் வண்டி ஓட்டவேண்டும், தாய் பீரோவுக்குத் திரும்பவேண்டும். வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனங்கள் அசல் சாவிகள் இரண்டையும் கேட்பது வழக்கம் என்பதால், தேய்ந்த அசலையும் தூக்கி எறியாதீர்கள்.

தாய்ச்சாவியே இல்லை என்றால்? செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிகளில் பெரும்பாலும் இல்லை. அப்போதும் இரண்டு வழிகள் உண்டு. வண்டியோடு வந்த சாவிக்கொத்தில் ஒரு சிறு உலோகத் துண்டில் சாவி எண் பொறித்திருந்தால், அந்த எண்ணைக் கொண்டு அசல் அளவிலேயே வெட்ட முடியும்; வசதியுள்ள சாவிக்காரரிடம் கேளுங்கள். எண்ணும் இல்லையென்றால் முன்பு சொன்ன அந்தப் பெட்டிப் பூட்டு கைகொடுக்கும். அதைக் கழற்றி எடுத்துப் போங்கள். தேயாத அதன் தகடுகளைப் பார்த்து வெட்டின் உயரங்களைக் கணிக்கலாம். பல பூட்டுகளில் தகட்டின் மேலேயே உயரத்துக்கான எண் பொறித்திருக்கும். அந்தப் பூட்டில் தகடுகள் குறைவாக இருந்தால் மிச்ச வெட்டுகளை டேங்க் மூடியிலிருந்து எடுக்கலாம். இந்த வேலை தெரிந்தவர் எல்லாத் தெருவிலும் இருக்கமாட்டார். வயதான, அரத்தைக் கையில் வைத்திருக்கும் சாவிக்காரரைத் தேடுங்கள். ஆர்.சி. புத்தகத்தையும் கொண்டுபோங்கள்; நல்ல சாவிக்காரர் கேட்பார், கேட்காதவர் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

புதுச் சாவி கைக்கு வந்ததும் காசு கொடுப்பதற்கு முன் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் அரத்தால் எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் பிசிறுதான் தகட்டை அறுக்கும். எல்லாப் பூட்டுகளிலும் போட்டுப் பாருங்கள். இக்னிஷனில் முதல் சில நாள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம், பழைய சாவியின் தேய்மானத்துக்குப் பழகிய பூட்டல்லவா.

சாவி வளைந்துவிட்டால் நிமிர்த்தி ஓட்டாதீர்கள். நிமிர்த்திய இடத்தில்தான் பித்தளை முறியும். முறிந்து பாதி உள்ளே நின்றுவிட்டால், மீதிப் பாதியை வைத்துத் தள்ளாதீர்கள். நொடியில் ஒட்டும் பசையைத் தடவி இழுக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம், பூட்டே ஒட்டிக்கொள்ளும். சாவி நுழையும் நிலைக்கு உருளை வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகடுகள் துண்டை விடாது. மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் உருளையை அந்த நிலைக்குத் திருப்பி, கொஞ்சம் ஸ்பிரே அடித்து, மெல்லிய ரம்பத் தகட்டின் பற்களைச் சாவியின் வெட்டில் கொக்கிபோல மாட்டி இழுங்கள்.

படி 4: பூட்டின் அடியில் இருக்கும் மின்தொடர்பு

பழைய நூறு சி.சி. வண்டிகள் பலவற்றில் எஞ்சினின் தீப்பொறிக்குப் பேட்டரி தேவையில்லை. எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவிலிருந்தே அது வருகிறது. இவற்றில் சாவியை ‘ஆஃப்’ செய்வது மின்சாரத்தைத் துண்டிப்பது அல்ல, தீப்பொறியை இயக்கும் சி.டி.ஐ. பெட்டியின் ஒரு வயரை எர்த்தோடு சேர்ப்பது. இதைப் புரிந்துகொண்டால் கோளாறைச் சுலபமாகப் பிடிக்கலாம். எஞ்சின் ஓடுகிறது, ஹாரனும் இண்டிகேட்டரும் இல்லை என்றால், ஃபியூஸும் பேட்டரியும் சரியாக இருக்கும்பட்சத்தில், பேட்டரிப் பக்கத் தொடர்பு போய்விட்டது. சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்கவில்லை என்றால் எர்த் பக்கம் போய்விட்டது. இந்த இரண்டுக்கும் சாவி வெட்டிப் பயனில்லை. தொடர்புத் தகடு தனியே கழலும் வகையாக இருந்தால் அதைக் கழற்றி, பச்சை பூத்த செம்புப் புள்ளிகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். கழலாத வகை என்றால் அடுத்த படிதான்.

படி 5: பூட்டையே மாற்றுவது

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. “பூட்டைப் பிரித்துச் சரிசெய்து தருகிறேன்” என்று சொல்பவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். தேய்ந்த தகட்டை மாற்றி, புதுத் தகட்டைச் சாவிக்கு ஏற்ப வைத்தால் நல்ல வேலை. முரண்டு பிடிக்கும் தகடுகளை எடுத்து எறிந்துவிட்டு மூடித் தருவது வேலையே அல்ல. சாவி அருமையாகச் சுழலும், பக்கத்து வீட்டுச் சாவிக்கும் சுழலும்.

மாற்றுவது என்று முடிவானால் இக்னிஷனை மட்டும் மாற்றலாம். அப்போது வண்டிக்கு இரண்டு சாவி. பங்க்கில் வரிசையில் நின்றுகொண்டு எந்தச் சாவி டேங்க்குக்கு என்று தேடும் வாழ்க்கை எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி வரும் முழு லாக் செட் வாங்கினேன். சென்னையில் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும், சிறு ஊர்களில் உதிரிபாகக் கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். பழைய பூட்டின் வயர்களை இணைக்கும் கப்ளரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலிலும் வருடத்துக்கு வருடம் வயர்களின் எண்ணிக்கையும் கப்ளரின் வடிவமும் மாறியிருக்கும். சாவியை மட்டும் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் படமே ஒரு சாவி.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஹெட்லைட்டைக் கழற்றினால் கப்ளர்கள் ஒரு கொத்தாகத் தெரியும். இக்னிஷனிலிருந்து வரும் கப்ளரை வயரைப் பிடித்து இழுக்காமல், கப்ளரின் கொக்கி நாக்கை அழுத்திப் பிரியுங்கள். புதுப் பூட்டை வண்டியில் பொருத்துவதற்கு முன்பே கப்ளரில் மாட்டி, பேட்டரியை இணைத்து, ஹாரன் அடிக்கிறதா, ‘ஆஃப்’ செய்தால் எஞ்சின் நிற்கிறதா என்று சோதியுங்கள். சரியாக இருந்தால் பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டுப் பழையதின் போல்ட்டுகளை அவிழுங்கள். ஹேண்டில் பூட்டு சில வண்டிகளில் இக்னிஷனோடு சேர்ந்திருக்கும், சிலவற்றில் தனி. சேர்ந்த வகையில் திருட்டைத் தடுக்க, இறுக்கியதும் தலை உடைந்துவிடும் போல்ட் போட்டிருப்பார்கள், ஸ்பேனர் பிடிக்காது. உளியால் தட்டி அவிழ்க்க வேண்டியிருக்கும், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பொருத்திய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, வயர் எங்கும் இறுகவில்லை என்று பாருங்கள். டேங்க் மூடியைப் பொருத்துவதற்கு முன் கையில் வைத்தே நான்கைந்து முறை பூட்டித் திறந்துவிடுங்கள். மூடியபின் திறக்கவில்லை என்றால் பெட்ரோல் உள்ளே, நீங்கள் வெளியே.

புதுச் சாவிகள் இரண்டில் ஒன்றை நான் அன்றே பீரோவில் வைத்துவிட்டேன். மற்றதில் வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, பித்தளைப் பிள்ளையார் எதையும் தொங்கவிடுவதில்லை. அந்தக் கனம் ஒவ்வொரு குலுக்கலிலும் பூட்டின் வாயை இழுத்துக்கொண்டே இருக்கும். பிள்ளையார் இப்போது வீட்டுச் சாவியில் இருக்கிறார்.