மவுஸ் நகரும் இடத்தில் மட்டும் படத்தின் மேல் இரைச்சல் எழச் செய்வது எப்படி?

பழைய தொலைக்காட்சிகளில் அலைவரிசை கிடைக்காதபோது திரை முழுவதும் துடித்த கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை ஒத்ததே படத்தில் தோன்றும் இரைச்சல். புகைப்படத்தின் மேல் மவுஸ் செல்லும் இடத்தில் மட்டும் அதை எழச் செய்ய, இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டும் உலாவியிலேயே உள்ள வரைபரப்பான கேன்வாஸும் போதும்.

முதலில் படத்தைக் கேன்வாஸில் வரைந்து, கெட்இமேஜ்டேட்டா (getImageData) என்ற கட்டளை மூலம் அதன் நிறங்களைக் குறிக்கும் எண்களைப் பெற வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகாமை என நான்கு எண்கள், 0 முதல் 255 வரையிலான மதிப்புகளுடன், ஒரே நீண்ட வரிசையில் அமைந்திருக்கும். 800-க்கு 600 அளவுள்ள படத்தில் இவ்வாறு 19,20,000 எண்கள் இருக்கும். 0-இலிருந்து எண்ணினால், ஒரு புள்ளியின் கிடைவரிசை எண்ணைப் படத்தின் அகலத்தால் பெருக்கி, அதன் நெடுவரிசை எண்ணைக் கூட்டி, வந்ததை நான்கால் பெருக்கினால் அப்புள்ளியின் சிவப்பு எண் இருக்கும் இடம் கிடைக்கும். கணினிக் கோப்புறையிலிருந்து பக்கத்தை நேராகத் திறந்தால் உலாவி இந்த எண்களைத் தர மறுக்கக்கூடும் என்பதால், உங்கள் கணினியிலேயே இயங்கும் சிறிய உள்ளகச் சேவையகம் (local server) ஒன்றின் வழியே திறப்பது நல்லது.

பெற்ற எண்களை உடனே தனியாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் செய்முறையின் உயிர்நாடி இதுவே. மவுஸ் நகரும் ஒவ்வொரு முறையும் மூலப் பிரதியை வேலைக்கான வரிசையில் நிரப்பிய பிறகே இரைச்சலைக் கூட்ட வேண்டும். ஏற்கெனவே கலங்கிய எண்களின் மேலேயே மீண்டும் மீண்டும் கூட்டிக்கொண்டு போனால், மவுஸ் கடந்த இடமெல்லாம் கறையாகத் தங்கி, சற்று நேரத்தில் படமே அடையாளம் தெரியாமல் போய்விடும்.

இரைச்சல் பரவும் வட்டத்தின் ஆரத்தை 100 புள்ளிகள் எனக் கொண்டால், அதைச் சூழ்ந்த சதுரத்தில் உள்ள ஏறத்தாழ 40,000 புள்ளிகளை மட்டும் பார்த்தால் போதும். புள்ளிக்கும் மவுஸுக்கும் இடையிலான தூரத்தை ஆரத்தால் வகுத்து, அதை 1-இலிருந்து கழித்தால் வலிமை கிடைக்கும். அது எதிர்மறையானால் அப்புள்ளி வட்டத்துக்கு வெளியே உள்ளது, விட்டுவிடலாம். மேத்.ரேண்டம் (Math.random) என்ற கட்டளை தரும், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட தற்செயல் எண்ணிலிருந்து 0.5-ஐக் கழித்து, 120-ஆலும் வலிமையாலும் பெருக்கி வருவதே அப்புள்ளிக்கான இரைச்சல். அதே எண்ணை மூன்று நிறங்களுக்கும் கூட்டினால் பழைய ஃபிலிமின் மணல்தன்மை வரும். தனித்தனி எண்களைக் கூட்டினால் வண்ணத்தூள் தெறித்தது போலிருக்கும். முகங்கள் உள்ள படத்துக்கு முன்னதே அழகு, ஏனெனில் தோலின் நிறம் திரிவதில்லை. கூட்டல் 255-ஐத் தாண்டினாலும் 0-க்குக் கீழே போனாலும் இந்த வரிசை தானே எல்லையில் நிறுத்திக்கொள்ளும்.

இறுதியில் புட்இமேஜ்டேட்டா (putImageData) என்ற கட்டளை மூலம் எண்களைத் திரையில் இட வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் (CSS) வழியே கேன்வாஸைச் சுருக்கியிருந்தால் வட்டம் மவுஸை விட்டு விலகித் தெரியும். கேன்வாஸின் உண்மை அகலத்தைத் திரையில் தெரியும் அகலத்தால் வகுத்து, அந்த விகிதத்தால் மவுஸின் இடத்தைப் பெருக்கினால் அது சரியாகிவிடும்.