தோட்டத்து ஊரின் வரலாற்றையும் மக்கள்தொகையையும் எழுதும் முறை

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் சில நூறு பேர் வாழும் வேளாண் சிற்றூர் ஒன்றின் வரலாற்றை எழுத முனைபவருக்குப் பாதை பெருமளவு போடப்பட்டே இருக்கிறது. அந்நாட்டில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் கணக்கெடுக்கப்படுகிறார்கள். 1850 முதல், அடிமைகள் நீங்கலாக, வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த இடமும் தாளில் ஏறின. 72 ஆண்டுகள் கழிந்ததும் அத்தாள்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1950ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. 1921இல் தீயில் சிதைந்து பின்னர் அழிக்கப்பட்ட 1890ஆம் ஆண்டுக் கணக்கு மட்டுமே அங்கு பெரிய இடைவெளி.

மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், நிபோங் திபாலிலோ சுங்கை பக்காப்பிலோ தம் பாட்டனார் வாழ்ந்த ரப்பர்த் தோட்டத்தைப் பற்றி எழுத விரும்பும் தமிழருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நம் கணக்கெடுப்புகளிலிருந்து வெளிவருபவை தொகுப்பு எண்ணிக்கைகளே. தனியாள் விவரங்கள் மறைவாக வைக்கப்படுகின்றன. எண்ணிக்கை ஓரிடத்திலும், அதற்குரிய மனிதர்களின் பெயர்கள் பள்ளியிலும் கோயிலிலும் இடுகாட்டிலும் குடும்பங்களின் தகரப் பெட்டிகளிலும் கிடப்பதால், அவ்விரண்டையும் இணைப்பதுதான் இங்கு வரலாறு எழுதுபவரின் முதன்மையான வேலை.

எழுதத் தொடங்குமுன் எந்த நிலப்பரப்பைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். தோட்டம், அதன் பக்கத்துக் கடைத்தெரு, இரண்டையும் உள்ளடக்கிய முக்கிம் என்னும் உட்பிரிவு, அதற்கு மேலான மாவட்டம் ஆகிய நான்கும் வெவ்வேறு எண்களைத் தரும். நிபோங் திபால் என்ற பெயரில் ஓர் அட்டவணையில் காணும் எண்ணிக்கை பட்டணத்தை மட்டும் குறிக்கிறதா, சுற்றுவட்டாரத்தையும் சேர்த்ததா என்று பார்க்காமல் அடுத்த அட்டவணையோடு ஒப்பிட்டால், நடக்காத வளர்ச்சியும் நேராத வீழ்ச்சியும் கட்டுரைக்குள் புகுந்துவிடும். 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 10,000 பேருக்குக் குறையாத ஊர்களே நகர்ப்புறமாகக் கொள்ளப்பட்டன. சிறிய கடைத்தெருக்கள் அதனால் நகர்ப்புற அட்டவணைகளில் தென்படாமல் போகலாம். ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது குறிக்கும் எல்லையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் கம்பெனி வைத்த பெயரிலும், தமிழர் வழங்கிய பெயரிலும், இன்றைய மலாய்ப் பெயரிலும் பதிவாகியிருக்கும்; மூன்றையும் தேட வேண்டும்.

அடுத்து, கணக்கெடுப்பு ஆண்டுகளை ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் 1871, 1881, 1891, 1901, 1911 ஆகிய ஆண்டுகளிலும், பிரிட்டிஷ் மலாயா முழுவதற்குமாக 1921, 1931, 1947 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 1957, 1970, 1980, 1991, 2000, 2010, 2020 ஆகிய ஆண்டுகளிலும் கணக்கெடுப்பு நடந்தது. போர்க்காலத்தில் 1941க்குரிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை என்பதால், தமிழர் வாழ்வு மிகக் கொடிய முறையில் புரண்ட காலம் பதினாறாண்டு இடைவெளிக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அட்டவணைகளில் ஜாவி பெக்கான் என்ற தனிப் பிரிவு இருப்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ் முஸ்லிம் தந்தையருக்கும் மலாய்த் தாயருக்கும் பிறந்தோர் பலர் அதில் அடங்குவதால், அப்பிரிவைத் தமிழரோடு கூட்டுவதா வேண்டாமா என்பதை நீங்களே தீர்மானித்து, தீர்மானத்தை வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். பழைய அறிக்கைகளைக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாராவிலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் தேடலாம். அண்மைய எண்களைப் புள்ளிவிவர இலாகாவின் இணையத்தளத்தில் பெறலாம்.

எண்களை அடுக்கிய பின், ஒவ்வோர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணம் தேடுவதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. ஈராண்டுகளின் எண்ணிக்கைக்கு இடையிலான வேறுபாட்டிலிருந்து பிறப்புகளைக் கழித்து இறப்புகளைக் கூட்டினால், எஞ்சுவது வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் உள்ள வேறுபாடு. தோட்டத்தைப் பொறுத்தவரை வரலாறு பெரும்பாலும் அந்த மீதியில்தான் இருக்கிறது. செபராங் பிறைத் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டில் கரும்பால் வளர்ந்தவை. ஒப்பந்தக் கூலிமுறையில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. 1910இல் ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. ஊருக்குச் சென்று ஆள் திரட்டிய கங்காணிகள் வழியாகக் குடும்பங்கள் வரத் தொடங்கின. இம்மாற்றத்தை மொத்தத் தொகையை விடப் பெண்களின் விகிதமே தெளிவாகக் காட்டும். பெண்களும் குழந்தைகளும் கூடக்கூட, வந்துபோகும் ஆட்களின் முகாம் ஓர் ஊராகிறது என்று பொருள். ஆகவே ஆண், பெண், பத்து வயதுக்குட்பட்டோர் என்ற மூன்று பத்திகளை உங்கள் அட்டவணையில் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

1931ஆம் ஆண்டு எண்ணை எடுத்தாளும்போது தனிக் கவனம் தேவை. ரப்பர் விலை சரிந்த 1930களின் தொடக்கத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் தென்னிந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்தத் திரும்புகை நடந்துகொண்டிருந்தபோதே கணக்கெடுப்பும் நடந்தது. 1938இல் உதவிபெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு தடை செய்தது. பிறகு ஜப்பானியர் காலம். பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. மலாயாவும் சிங்கப்பூரும் சேர்ந்த இந்தியர் தொகை 1931இல் ஏறத்தாழ 624,000 ஆக இருந்து 1947இல் ஏறத்தாழ 600,000 ஆகக் குறைந்தது. இடையில் இத்தனை பிறப்புகள் நிகழ்ந்திருந்தும் தொகை குறைந்தது என்பதை உங்கள் தோட்டத்தின் எண்ணோடு வைத்துப் பார்க்காமல் இந்தக் காலத்தைக் கடந்துவிடாதீர்கள்.

பிற்காலத்து வீழ்ச்சிக்குக் காரணங்கள் வேறு. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. குடியுரிமை இல்லாதவர்களுக்கு 1969இல் வேலை பெர்மிட் கட்டாயமானபோது சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலர் ஊர் திரும்பினர். 1972இல் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியது, 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. இளையோர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். 2014இல் இரண்டாம் பாலம் செபராங் பிறையின் பத்து காவானில் வந்து இறங்கியது. இன்று அப்பகுதியின் மக்கள்தொகை பெருகுகிறது. ஆனால் பெருகுவது புதிய குடியிருப்புகளின் தொகை. பழைய தோட்டத்து மக்கள் அதில் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி.

பெயர்களுக்கு முதலில் போகவேண்டிய இடம் தமிழ்ப்பள்ளி. பினாங்கில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளில் சில, தோட்டம் அழிந்து பட்டணத்துக்கு இடம்பெயர்ந்த பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பழைய சேர்க்கைப் பதிவேடு இருந்தால், தலைமையாசிரியரின் அனுமதியுடன், தந்தை பெயர், தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். விலகிய நாட்கள் ஓராண்டில் குவிந்திருந்தால் அந்த ஆண்டில் தோட்டத்தில் ஏதோ நடந்திருக்கிறது. கோயில் திருவிழா நன்கொடைப் பட்டியல்கள், தேவாலய ஞானஸ்நானப் பதிவுகள், கல்லறை எழுத்துகள், 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் செய்தித்தாளின் மரண அறிவிப்புகள் ஆகியவை அடுத்து வரும். சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்துள்ள பழைய செய்தித்தாள்களில் தோட்டத்தின் பெயரை இட்டுத் தேடினால் வேலைநிறுத்தம், தீ, விற்பனை பற்றிய செய்திகள் கிடைக்கலாம்.

பெரியவர்களிடம் பேசப் போகும்போது ஆண்டு கேட்காதீர்கள், "பாட்டி, அப்போ எந்தத் தொரை இருந்தாரு? மூத்த பிள்ளை பிறந்தாச்சா?" என்று கேளுங்கள். துரை (தோட்ட மேலாளர்), கிராணியார் (எழுத்தர்), தண்டல் (மேற்பார்வையாளர்) ஆகியோரின் காலத்தைப் பிற ஆவணங்களோடு பொருத்தினால் ஆண்டு தானே கிடைக்கும். ஒரு பெரிய தாளில் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை வரைந்து, எந்த வீட்டில் யார் இருந்தார், எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்று வீடுவீடாகக் கேட்டு நிரப்புவதை நான் எல்லா முறைகளிலும் சிறந்ததாகக் கருதுகிறேன். ஒருவர் விட்ட வீட்டை இன்னொருவர் நிரப்புவார். முரண்பட்டால் இரண்டு கூற்றுகளையும் பெயருடன் எழுதி வையுங்கள். பால்மரக்காட்டில் வேலை செய்த பெண்களைத் தனியே சந்தித்துக் கேட்பது அவசியம். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தின் கதையை ஆண்கள் சொல்வார்கள், ஆயாக்கொட்டகையில் விட்ட குழந்தைகளின் கணக்கும் இறந்த குழந்தைகளின் கணக்கும் பெண்களிடம்தான் இருக்கும்.

எழுதும்போது எண்ணையும் பெயரையும் ஒரே பத்தியில் வையுங்கள். 1947இல் இத்தனை பேர் என்று ஒரு வரி எழுதினால், அவ்வாண்டில் எந்த லயத்தில் எந்தக் குடும்பங்கள் இருந்தன என்பது அடுத்த வரியில் வரட்டும். உறுதியாகாத எண்ணை ஊகத்தால் நிரப்பாமல் இடத்தை வெறுமையாக விடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் அடையாள அட்டை எண், நோய், குடும்பச் சண்டை ஆகியவற்றை அச்சில் கொண்டுவராதீர்கள். அச்சுக்குமுன் கைப்பிரதியைத் தோட்டத்தவர் சிலரிடம் வாசித்துக் காட்டித் திருத்தம் பெறுங்கள். முடிந்த நூலின் படிகளைத் தமிழ்ப்பள்ளிக்கும், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக நூலகத்துக்கும், ஆர்க்கிப் நெகாராவுக்கும் கொடுத்து, லயத்து வரைபடத்தின் மூலத்தையும் பேட்டிகளின் ஒலிப்பதிவுகளையும் அவற்றோடு சேர்த்து ஒப்படையுங்கள்.