நீச்சல் பிள்ளைகளின் பற்கள்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன வாரம் காலைப் பயிற்சி முடிந்ததும், பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். முன்பற்களில் பழுப்புக் கறை. “எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுத் தினமும் தேய்க்கிறேன் சார், போகவே மாட்டேன் என்கிறது” என்றாள். எனக்கு வயிறு கலங்கியது. 1995-இல் தெற்காசியப் போட்டிகளுக்காக வேளச்சேரி நீச்சல் வளாகம் கட்டப்பட்டபோது எனக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். நானும் அப்படித்தான் தேய்த்தேன்.

இரவில் பல் துலக்க வேண்டும், மிட்டாயைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கறையைத் தேய்த்து எடுப்பது

வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் குளத்தில் கிடக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கறை வருவது வழக்கம். குளத்து நீரில் கலக்கும் ரசாயனங்களால் உமிழ்நீரிலுள்ள புரதங்கள் சீக்கிரம் சிதைந்து முன்பற்களில் படிகின்றன. அது இறுகிக் காரையாகிவிடும். பிரஷ்ஷுக்கு அது மசியாது. பல் மருத்துவர் கருவியால் சுத்தம் செய்தால் ஒரே அமர்வில் போய்விடும்.

நான் காத்திருக்கவில்லை. எலுமிச்சை, உப்பு, பிறகு அடுப்புக்கரித் தூள். எலுமிச்சையின் அமிலம் பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமலை இளக்க, உப்பும் கரியும் இளகியதைச் சுரண்டின. கறை அப்படியே இருக்க, பல்தான் தேய்ந்தது. ஒருமுறை போன எனாமல் திரும்ப வளராது. முப்பது வயதில் மேல்வரிசையில் நான்கு பற்களுக்கு உறை போட்டேன். இன்றும் ஐஸ் மோர் குடித்தால் கூச்சம் தலைக்கு ஏறுகிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் பெற்றோர்கள் அதே வைத்தியத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதைக் கேட்கும்போது கோபம்தான் வருகிறது. கறை உங்கள் பிள்ளையின் அழுக்குத்தனம் அல்ல, அதற்காகத் திட்டாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளோரின் வாடையை வைத்துத் தண்ணீரை எடைபோடுவது

மூக்கு சொல்லாது. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும்; அது குறையக் குறைய அமிலம் கூடும். குளோரின் வாயு நீரில் கரையும்போது அமிலம் உண்டாகும். அதைச் சமன் செய்யாமல் விட்டால் பல் கரையத் தொடங்கும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1980-களில் ஒரு குளத்தின் பி.எச். 2.7 வரை இறங்கியிருந்தது. அங்கே அணி வீரர்களில் 39 சதவீதம் பேரிடம் எனாமல் அரிப்பின் அறிகுறிகள் தென்பட்டன. நீந்தாதவர்களிடம் 3 சதவீதம்தான். நான் பயிற்சி கொடுத்த ஒரு குடியிருப்புக் குளத்தில் பிள்ளைகள் “பல் சொரசொரவென்று இருக்கிறது” என்று ஒரு வாரமாகச் சொன்னார்கள். நான் காதில் வாங்கவில்லை. சோதனைத் தாளை நனைத்துப் பார்த்த அன்றுதான் எல்லோரையும் கரையேற்றினேன். இப்போது பையில் எப்போதும் ஒரு பெட்டி சோதனைத் தாள் இருக்கிறது.

விளையாட்டு பானத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பது

தண்ணீர் குடியுங்கள். பானம்தான் வேண்டுமென்றால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாய் கொப்பளியுங்கள். அதிலுள்ள அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும், அதனால் உடனே பல் துலக்க வேண்டாம். அரை மணி நேரமாவது போகட்டும்.

ஈரக் கரையில் ஓடுவது

ஓடாதீர்கள். விழுந்து நிலைப்பல் பிடுங்கிக்கொண்டால், வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போங்கள். குளத்து வாசல் டீக்கடையில் பால் பாக்கெட் இருக்கும். காய்ச்சாத குளிர்ந்த பாலாகக் கேட்டு வாங்குங்கள்.