தோட்டா வாங்கும் முன்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு

டாலஸ் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனால், தூண்டிலுக்கும் கூடாரத்துக்கும் அடுத்த அலமாரியில் தோட்டாப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பால் பாக்கெட் மாதிரி எடுத்துப்போய் பில் போட்டுவிடலாம் என்று தோன்றும். நீங்கள் எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என்று ஏதாவது ஒரு தற்காலிக விசாவில் வந்தவர் என்றால் அதில் கை வைக்காதீர்கள்.

டெக்சஸில் 2021 முதல் உரிமம் இல்லாமலே துப்பாக்கி ஏந்தலாம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது மாநிலச் சட்டம். அதற்கு மேலே மத்தியச் சட்டம் இருக்கிறது. அதன்படி தற்காலிக விசாக்காரர்களுக்குத் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் தடை. ஒற்றைத் தோட்டாவும் கணக்கில் வரும். தண்டனை 15 ஆண்டு வரை. 2022-க்கு முன் 10 ஆண்டாக இருந்தது. நாடு கடத்தும் வழக்கும் பின்னாலேயே வரலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. "ஒரு லைசென்ஸ் எடுத்துக்கோ, முடிஞ்சது" என்று நண்பர்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அந்த உரிமம் காலாவதியான மறுநாளே அலமாரியில் இருக்கும் பெட்டி குற்றமாகிவிடும். கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்பவர் இதற்காகவா அந்த இடத்தைப் பணயம் வைப்பது? எடுத்தே தீருவேன் என்பவர்கள் முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கிரீன் கார்டு வந்த வீட்டிலும் இந்தத் தடை எட்டிப் பார்க்கும். ஊரிலிருந்து வந்த அப்பாவை ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) கூட்டிப்போய், "ஒரு தடவை சுட்டுப் பாருங்கப்பா" என்று கையில் கொடுத்து, படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். விசிட்டர் விசாவில் வந்த அவருக்கும் அதே தடைதான். துப்பாக்கிப் பெட்டகத்தைத் திறக்கும் எண்ணும் கிரீன் கார்டுக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

சரி, கிரீன் கார்டு வந்துவிட்டது, 21 வயதும் தாண்டிவிட்டது, யோசித்து ஒரு சின்ன பிஸ்டலும் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தோட்டா?

முழுக்கச் செம்பு உறை போட்ட உருண்டை மூக்குத் தோட்டா, 50 அடங்கிய பெட்டியாக மலிவாகக் கிடைக்கும். அது பயிற்சிக்கு. ஆளைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பவரையும் தாக்கக்கூடியது. தற்காப்புக்கு வாங்குவது ஹாலோ பாயின்ட். மூக்கில் குழி இருக்கும், உள்ளே போனதும் விரிந்து வேகம் இழக்கும். 20, 25 என்று சின்னப் பெட்டி, விலையும் கூடுதல். இங்கே வீட்டுச் சுவர் வெறும் ஜிப்சம் பலகை. குறி தவறினால் ஹாலோ பாயின்ட்டும் அதைத் துளைத்துக்கொண்டு குழந்தைகள் அறைக்குப் போகும்.

சின்ன பிஸ்டலில் சிக்கல் என்னவென்றால், குழி விரிய வேகம் வேண்டும், வேகத்துக்குக் குழல் நீளம் வேண்டும். ரூகர் எல்.சி.பி. என்ற .380 ரக (9 மி.மீ.-ஐ விடச் சக்தி குறைந்த தோட்டா) பிஸ்டலின் குழல் 2.75 அங்குலம்தான். நீளக் குழலில் ஒழுங்காக விரிகிற தோட்டா இதில் விரியாமலே போகலாம். குளிர்கால ஜாக்கெட்டின் துணி குழியை அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான். 1986-இல் மயாமியில் கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோலில், தோட்டா உடல் தசைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டினுக்குள் 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும். .380-இல் விரிந்தால் ஆழம் குறையும், ஆழம் போனால் விரிந்திருக்காது என்ற இழுபறி அதிகம். உள்ளங்கைக்குள் அடங்கும் 9 மி.மீ. பிஸ்டலே தேவலை என்பது என் கட்சி. ஸ்பியர் கோல்ட் டாட் என்ற தோட்டா வரிசையில் குட்டைக் குழலுக்கென்றே தனி ரகம் உண்டு. ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸில் குழியை பாலிமர் நிரப்பியிருப்பதால் துணி அடைக்காது. '+பி' என்று எழுதியவை அழுத்தம் கூடியவை; பிஸ்டலின் கையேடு அனுமதித்தால் மட்டும், அதுவும் உதைப்பைத் தாங்க முடிந்தால்.

பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், உங்கள் பிஸ்டலில் சிக்காமல் ஏறுகிறதா என்று ரேஞ்சில் சுட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ராத்திரி இறக்கி, காலையில் அதே தோட்டாவை ஏற்றும் பழக்கம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் முட்டி முட்டி, அதன் தலை பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். புதுத் தோட்டாவைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் சுடாதீர்கள், அழுத்தம் எகிறிவிடும்.

வேலை மாறி எடிசன் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்ட் வீட்டிலும் ரேஞ்சிலும் வைத்திருக்கலாம், ஏந்தும் உரிமம் இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது.

அப்புறம் ஊர்ப் பயணம். ரேஞ்சுக்குத் தூக்கிப்போகும் முதுகுப்பையை விமானத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பக்கவாட்டு ஜிப்புக்குள் மறந்துபோன ஒரு தோட்டா போதும். சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும், திரும்பி வரும் டிக்கெட் தேதிக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். ரேஞ்சுக்குக் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் தனிப் பை வாங்கி, கராஜிலேயே வைத்துவிடுங்கள்.