ஜி செவன்த் வாசித்தும் பாட்டு நிலைக்கு வரவில்லையா?

கீபோர்டு பழகுகிறவர்கள் பலர் ஜி செவன்த் வாசித்து, அடுத்து சி மேஜர் வாசிக்கிறார்கள். கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், சரிதான். ஆனாலும் தேர் நிலைக்கு வந்த உணர்வு இல்லை. காரணம், கார்டின் பெயரைப் பார்க்கிறார்கள், அதற்குள் இருக்கும் சுரங்களைப் பார்ப்பதில்லை.

சி-யை சட்ஜமாக (ச) வைத்துக்கொண்டால் ஜி செவன்த்தில் உள்ள ஜி, பி, டி, எஃப் என்பவை ப, நி, ரி, ம. இதில் நி, மேல் ச-வுக்கு அரைச் சுரம் (ஒட்டிய அடுத்த கட்டை அளவு) கீழே நிற்கிறது. ம, க-வுக்கு அரைச் சுரம் மேலே. சங்கராபரணம் ராகம் பாடியவர்களுக்கு இந்த நி-யில், அதாவது காகலி நிஷாதத்தில், நிறுத்தினால் ஏற்படும் தவிப்பு தெரியும். நி ஏறி ச-வில் அமர வேண்டும், ம இறங்கி க-வில் அமர வேண்டும். கேடன்ஸின், அதாவது வரியை முடித்துவைக்கும் கார்டு நகர்வின், உயிர் இந்த இரண்டு சிறிய அசைவுகளில்தான் இருக்கிறது. வலது கையில் ஜி, பி, டி, எஃப் வாசித்துவிட்டு, கையைத் தூக்கிக் கீழே இருக்கும் சி, இ, ஜி மீது வைத்தால் இரண்டு சுரங்களும் அந்தரத்தில் தொங்கும். பி, டி, எஃப், ஜி என்று மாற்றி வையுங்கள். ஜி அப்படியே இருக்கட்டும், மற்ற விரல்கள் பக்கத்துக் கட்டைகளுக்கு நகர்ந்தால் சி, இ, ஜி வந்துவிடும். இடது கை மட்டும் ஜி-யிலிருந்து சி-க்குத் தாவட்டும்.

மைனர் ஸ்கேலில் இதே தவறு வேறு வேடத்தில் வருகிறது. ஏ மைனரில் முடிக்க, முன்னால் இ மைனர் வாசிப்பார்கள். அது நடபைரவி ராகத்தின் சுரங்கள், அதன் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி) சட்ஜத்திலிருந்து ஒரு முழுச் சுரம் தள்ளி நிற்கிறது, இழுக்காது. இ மேஜராக்கினால் ஜி ஷார்ப் வரும். அந்த இடத்தில் கீரவாணி ராகத்தின் காகலி நிஷாதம் கிடைத்துவிடும். மென்மையாக முடிய வேண்டுமென்றால் இ மைனரும் அழகுதான், ஆனால் அது தெரிந்து செய்ததாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வரியையும் ஜி-யிலிருந்து சி-க்குக் கொண்டுபோய் மூடுவது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பழக்கம். நான்கு வரியில் நான்கு முற்றுப்புள்ளி! இரண்டாம் வரியை ஜி-யிலேயே நிறுத்துங்கள்; கேள்வி கேட்டதுபோல் இருக்கும். மூன்றாம் வரியில் ஜி-க்குப் பிறகு ஏ மைனருக்குத் திருப்பலாம், ஆனால் ஒருமுறைதான். திரும்பத் திரும்ப ஏமாற்றினால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

எஃப்-இலிருந்து சி-க்குப் போவதையும் அதே வலுவுள்ள முடிவாக நினைக்க வேண்டாம். தேவாலயப் பாடல்களின் இறுதியில் 'ஆமென்' பாடும்போது கேட்பது அதுதான். அதில் நி இல்லை, அதனால் அவசரமும் இல்லை. ஏற்கெனவே முடிந்த பாட்டுக்குப் பின் அது பொருந்தும்.

ப்ளூஸ் என்ற அமெரிக்க இசை வகையை வாசிப்பவர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே முதல் கார்டே செவன்த்தாக இருக்கும், அது எங்கும் போகத் துடிப்பதில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் முடிவு நொண்டினால் தாளத்தைப் பாருங்கள். கடைசி சி கார்டு பெரும்பாலும் ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) முதல் அடியில் விழ வேண்டும். அப்போது இடது கையின் அடிச் சுரம் இ-யாக இல்லாமல் சி-யாகவே இருக்கட்டும்.