கரை தேய்கிறதா? மணல் போடும் முன் அளவுக் கொப்பியை எடுங்கள்

வாடைக்காற்று அடங்கியதும் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது, வாடிக்கும் (மீனவர் கொட்டிலுக்கும்) அலைக்கும் நடுவில் எவ்வளவு கரை மிச்சம் என்பதைத்தான். குறைந்திருந்தால் உடனே "பத்து ரிப்பர் (லொறி) மணல் கொட்டுவோம்" என்று யாராவது சொல்வார்கள். கொட்டலாம், ஆனால் அதற்கு முதல் அளக்க வேண்டும்.

கிணற்றுக்கட்டு, முதிர்ந்த பனை என்று நகராத ஓர் அடையாளத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து மணல்மேட்டு விளிம்புக்கும், விளிம்பிலிருந்து அலை ஏறி நிற்கும் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று மாதம் ஒருமுறை, அமாவாசையை ஒட்டி, வற்று நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஒரு வருடம் போதாது, இரண்டு வருடம் என்றால் நல்லது. ஏனென்றால் வாடைக்கடல் இழுத்துப்போகும் மணலில் பெரும்பங்கு தூரப் போவதில்லை, கரைக்குக் கிட்டவே தண்ணீருக்கடியில் திட்டாகக் கிடந்து, கடல் தணியும் மாதங்களில் தானாக ஏறி வரும். போன பங்குனியை விட இந்தப் பங்குனி குறைவு, அடுத்த பங்குனி இன்னும் குறைவு என்றால்தான் அது அரிப்பு.

சரி, எவ்வளவு மணல் வேண்டும்? 100 மீற்றர் நீளக் கரையை 5 மீற்றர் அகலத்துக்கு 1 மீற்றர் உயர்த்த 500 கனமீற்றர். நம் கணக்கில் ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 2.83 கனமீற்றர். ஆக ஏறக்குறைய 177 கியூப், மூன்று கியூப் ரிப்பரில் அறுபது தடவை. பத்து ரிப்பர் ஏன் காணாது என்பது இப்போது விளங்கும்.

அந்த மணலை எங்கே எடுப்பது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். மணற்காடு, அம்பன் பக்கத்து மணல்மேட்டை வெட்டிக் கரையில் கொட்டவே கூடாது. புயல் வரும்போது கடலுக்குக் கொடுக்க நம்மிடம் இருக்கும் சேமிப்பு அந்த மேடுதான். வயல், குளத்து மண்ணும் சரிவராது. சந்தேகம் என்றால் போத்தலில் கடல்நீரோடு ஒரு பிடி போட்டுக் குலுக்குங்கள். சட்டென்று படிந்தால் நல்லது, தண்ணீர் கலங்கியே நின்றால் அந்தச் சேறு கடலடிப் பாறைத் திட்டுகளையும் கடல் தாவரமான சாதாழையையும் மூடிவிடும். பருமனிலும் கரை மணலை ஒத்திருக்க வேண்டும், கொஞ்சம் பரும்மணலாக இருந்தால் இன்னும் நல்லது, நுண்மணல் முதல் அலையோடு போய்விடும்.

அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர் கரையோர வலயம். அங்கே செய்யும் வேலைக்குக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தின் கடிதத்தோடு அந்த அளவுக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.

பங்குனி, சித்திரையில் போடுங்கள். சுவர்போலக் குவிக்காமல், பக்கத்தில் அரிக்காத கரை எப்படிச் சரிகிறதோ அதே சரிவில் பரப்புங்கள். அலை வந்து படிபோல வெட்டினால் மண்வெட்டியால் தட்டிச் சரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆமை ஏற முடியாது. கொஞ்ச மணல் தண்ணீருக்குள் இறங்குவதைக் கண்டு பயப்படாதீர்கள், கடலடிச் சரிவும் நிரம்பித்தான் கரை நிற்கும். 2020இல் கொழும்புக்கு அருகே கல்கிசையில் கடலடி மணலை எடுத்துக் கரையில் நிரப்பினார்கள். சில மாதங்களுக்குள் ஒரு பகுதி போய்விட்டது என்று பெரிய சத்தம் எழுந்தது. அதனால் எவ்வளவு இறங்கும் என்பதை ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

போட்டதைப் பிடித்து வைப்பது பச்சைதான். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நாம் சொல்வது இங்கே அப்படியே உண்மை. ஐப்பசி மழையோடு மேட்டின் மேலே அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் நடுங்கள். முன்வரிசையில் சவுக்கு வேண்டாம், அதன் நிழலிலும் சருகிலும் கொடி படராது. பனைமட்டை வேலி கட்டினால் பாதிக்குப் பாதி இடைவெளி விடுங்கள். அடைத்துக் கட்டினால் காற்று அடியைக் குடைந்துவிடும். ஒதுங்கிக் கிடக்கும் சாதாழையை அள்ளித் துப்புரவாக்காதீர்கள், அதுவும் மணல் பிடிக்கும். வள்ளம் இழுக்கவும் ஆட்கள் நடக்கவும் ஒரே ஒரு பாதை, அதையும் கடலுக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக.

பருத்தித்துறை, வல்வெட்டித்துறை போன்ற சுண்ணாம்புக்கல் கரைகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

மணல் போட்ட பிறகும் மாதாமாதம் அளவை விடாதீர்கள். அளவு பழைய இடத்துக்கே இறங்கி வரும் நாளில் மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்கான காசைச் சங்கக் கணக்கில் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.