கூட்டத்தைப் படமெடுக்க 70-200 லென்ஸ் போதுமா?
தொற்றுக்காலத்தில் தள்ளி நின்றுதான் படமெடுக்க வேண்டும், அதற்குத் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் கைகொடுக்கும். ஆனால் ஒரு சிக்கல். தூரத்திலிருந்து 200 மி.மீ.யில், அதாவது முழு ஜூமில் எடுத்தால், 6 அடி இடைவெளி விட்டு வரிசையில் நிற்பவர்கள்கூட இடித்துக்கொண்டு நிற்பதுபோலத் தெரிவார்கள். 2020 கொரோனா நாட்களில் கூட்டப் படங்கள் மீது இந்தப் புகார் எழுந்தது; நியாயமான புகார்தான். அதனால் பக்கவாட்டில் நின்றோ, பக்கத்து மாடியில் ஏறியோ இன்னொரு படமும் எடுத்துவிடுங்கள். இரண்டையும் உங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்போடு.

அப்புறம், சானிட்டைசரைக் கேமரா மீது நேராகத் தெளிக்காதீர்கள். துணியில் லேசாகத் தொட்டு வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். லென்ஸ் கண்ணாடி பக்கம் போகவேண்டாம். முகக்கவசத்தால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஆவி படிகிறதா? கவசத்தின் மேல் விளிம்பை மூக்கோடு சேர்த்து மருத்துவ டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.